முறையான ஐந்து அடிகளும் முறைகேடாக உள்ளே போன பந்தும்

குடிநீர் வாரியத்தின் தலைவர் வெளிநாடு போனது, கழிவுநீரைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துவது எப்படி என்று பார்த்துவரத்தான். பத்து நாள் பார்த்தார். அந்த ஊரில் சுத்தம் செய்த தண்ணீரை ஒரு கோல்ஃப் மைதானத்தில் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து இறங்கியபோது தலைவருக்குத் தண்ணீர் மறந்துபோயிருந்தது, மைதானம் மட்டும் ஞாபகம் இருந்தது. ஊருக்கு இரண்டாவது தொட்டி கட்டுவதற்கென்று வேலி போட்டு வைத்திருந்த நிலத்தில் ஆறு மாதத்தில் மூன்று குழிகளோடு ஒரு மைதானம் எழும்பியது. ஊருக்கு நாலு நாளைக்கு ஒருமுறை நாற்பது நிமிடம் தண்ணீர் வந்தது. புல்லுக்குக் காலையும் மாலையும் வந்தது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. யாரோ வேலையில்லாமல் ஓர் ஆய்வுக் குழுவை அனுப்பிவைத்தார்கள். அந்தக் குழு மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்கே யார் விளையாடுகிறார்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனது. யாருமே விளையாடவில்லை. கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பதிலை உண்டாக்குவதுதான் நிர்வாகம். அடுத்த வாரமே பணியாளர் ஆளுமை மேம்பாட்டு நிலையம் என்று ஒன்றை மைதானத்தின் ஓரத்தில் தொடங்கி, முப்பத்தேழு பேரை அதில் நியமித்து, ஒரு சுற்றறிக்கையும் விட்டார்கள். இனி வாரியத்தில் பதவி உயர்வோ இடமாற்றமோ வேண்டுமென்றால் கோல்ஃப் அடிநுட்பத் தேர்ச்சிச் சான்றிதழ் இணைக்க வேண்டும்.

இந்தச் சுற்றறிக்கை வால்வுக்காரருக்குத் தெரியாது. அவர் பதினாலு வால்வுகளைத் திறந்து மூடுகிறவர். சுற்றறிக்கைகள் வால்வுக் குழிக்குள் வருவதில்லை.

வயது ஐம்பத்துமூன்று. நாலு வருடத்துக்கு முன்னால் சொந்த ஊரிலிருந்து இங்கே தூக்கிப் போட்டிருந்தார்கள், பேருந்தில் ஆறு மணி நேரம். மனைவி அங்கேயே இருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளுடைய தங்கை வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். வால்வுக்காரர் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் வாரியத்திடம் கேட்ட ஒரே விஷயம் அதுதான்.

பிரிவு எழுத்தர் நல்ல பையன். விண்ணப்பத்தை இரண்டு முறை புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"அண்ணே, எல்லாம் பக்காவா இருக்கு. டாக்டர் எழுதினது இருக்கு, மேலதிகாரி பரிந்துரை இருக்கு. கோல்ஃப் சர்டிபிகேட் எங்கே?"

"என்ன சர்டிபிகேட்?"

"கோல்ஃப்ணே. குச்சியால பந்தைத் தட்டிக் குழியில போடுறது."

"தம்பி, எனக்கு வால்வு திறக்கிற வேலை."

"அதனாலதான் வேணுமாம். வால்வு திறக்கிறவனுக்கு உடம்புல ஒரு ஒழுங்கு வரணும்னு மூணாவது பத்தியில போட்டிருக்கு. போய்ச் சேர்ந்துடுங்கண்ணே. மூணு மாசம்தான். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

அன்று சாயங்காலம் மனைவியிடம் போனில் சொன்னார். அவளுக்கு நாக்குக் குழறல் பாதிதான் சரியாகியிருந்தது. கேலி முழுசாகத் திரும்பியிருந்தது.

"நீங்களா? பந்தா? வீட்டுல ஒரு கரப்பான்பூச்சியைக்கூட நீங்க குறி பார்த்து அடிச்சதில்லையே! செருப்பு ஒரு பக்கம் போகும், பூச்சி ஒரு பக்கம் போகும்."

"அதெல்லாம் கத்துக்கொடுப்பாங்களாம்."

"கத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க. இவ தலை வாரிவிட்டா என் மண்டையே கழண்டு வருது."

பயிற்சி தொடங்கியது. சொல்லிக்கொடுக்க வந்தவர் நிலையத்தின் அடிநுட்ப ஆலோசகர். வாரியத்தின் சாக்கடைக் குழாய்க் கிடங்கில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை வெளியூரில் ஒரு பெரிய ஓட்டலில் தங்கியபோது அறை ஜன்னலிலிருந்து கோல்ஃப் மைதானம் தெரிந்ததாம். மூன்று நாள் பார்த்திருக்கிறார். அந்த அனுபவம் வாரியத்தில் வேறு யாருக்கும் இல்லாததால் அவரை நியமித்திருந்தார்கள். பயிற்சிக் கையேட்டையும் அவரே எழுதியிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் அவர் படம், எல்லாவற்றிலும் இடுப்பில் கை. பயிற்சிக்கு வந்தவர்கள் முதல் நாளே அவருக்கு இடுப்பு சார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். காரணம் அவர் வாயைத் திறந்ததும் விளங்கியது.

"மொத்தம் அஞ்சு அடி. டிரைவ், அப்ரோச், பங்கர், சிப், பட். டிரைவ்னா தூரமா அடிக்கிறதுன்னு நினைக்கிறீங்க. தப்பு. டிரைவ்ங்கிறது இடுப்பு. அப்ரோச், அதாவது குழியை நெருங்கிப் போற அடி, அதுவும் இடுப்புதான். ஆனா கொஞ்சம் பணிவான இடுப்பு. மணல் பள்ளத்துல விழுந்த பந்தை எடுக்கிறது பங்கர். அது மன்னிப்புக் கேக்கிற இடுப்பு. குழிக்குப் பக்கத்துல வந்தாச்சு, லேசா தூக்கிப் போடணும், அது சிப். இடுப்பு இருக்கணும், இருக்கிறது தெரியக்கூடாது. கடைசியா பட். பச்சைத் தரையில பந்தை உருட்டிக் குழியில விடுறது. அதுல இடுப்பே கிடையாது. அது பதவியில இருக்கிறவங்களுக்குத்தான் முழுசா வரும், நீங்க முயற்சி பண்ணுங்க."

வால்வுக்காரர் மெதுவாகக் கையைத் தூக்கினார். "பந்து எங்கே சார்?"

இடுப்பு சார் சிரித்தார். "பந்தா? பந்தை வச்சு யார் வேணா அடிச்சுடுவானே."

பந்துகள் இருந்தன. இருபத்துநாலு பந்துகள், நிலைய இயக்குநர் அம்மாவின் அறையில், இரும்பு அலமாரிக்குள். அலமாரிக்கு மூன்று சாவி. ஒன்று இயக்குநரிடம், ஒன்று ஆலோசகரிடம், ஒன்று பிடி ஆய்வாளரிடம். பிடி ஆய்வாளர் என்பவர் குச்சியைப் பிடித்த கையில் விரலுக்கும் விரலுக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி என்று அளவுகோல் வைத்துப் பார்க்கிறவர். மூன்று பேரும் ஒரே நாளில் அலுவலகத்துக்கு வந்ததாக வரலாறு இல்லை. அதனால் தேர்வு நாள்வரை எல்லாரும் இல்லாத பந்தை அடித்தார்கள்.

இல்லாத பந்தை அடிப்பது சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. இடுப்பு சார் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "உங்க பந்து இடது பக்கம் வளைஞ்சுடுச்சு, போய் எடுத்துட்டு வாங்க" என்பார். வெயிலில் இருநூறு அடி நடந்து, குனிந்து, எதையோ எடுத்து, இரண்டு கையாலும் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஒரு கையால் கொண்டுவந்தால் மரியாதைக் குறைவு. ஒரு நாள் வால்வுக்காரர் அடித்த அடியைப் பார்த்துவிட்டு இடுப்பு சாருக்கு முகம் கறுத்துவிட்டது.

"குளத்துல விழுந்துடுச்சு."

"எது சார்?"

"பந்து!"

மறுநாள் குறிப்பாணை வந்தது. பயிற்சிப் பந்தைக் கவனக்குறைவாகத் தொலைத்ததற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வால்வுக்காரர் இரவெல்லாம் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, 'இல்லாத பந்து தொலைந்தது குறித்து வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தார். அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். 'இல்லாத' என்ற சொல் நிலையத்தின் பயிற்சி முறையை இழிவுபடுத்துவதாக இருக்கிறதாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு எழுதினார். அப்படியானால் பந்தைத் தொலைத்ததை ஒப்புக்கொண்டதாக ஆகிறது என்று சொல்லி, பணிப் பதிவேட்டில் ஒரு கண்டனத்தை ஏற்றினார்கள்.

ஆனால் ஒன்று நடந்தது. யாருக்கும் தெரியாமல், அவருக்கே தெரியாமல், வால்வுக்காரருக்கு அந்தக் குச்சி கைவந்துவிட்டது. முப்பது வருடமாக ஆறடி நீள இரும்புத் திறவுகோலை வால்வின் தலையில் மாட்டித் திருகியவர் அவர். இறுக்கிப் பிடித்தால் அது வழுக்கும், தளர்த்திப் பிடித்து முதுகிலிருந்து திருப்பினால் பேசாமல் திரும்பும். குச்சியும் அப்படித்தான் இருந்தது. கையில் பூனைக்குட்டியைப் பிடிக்கிற அளவுக்குப் பிடி, தலை அசையாமல் தோள் திரும்பினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். பிடி ஆய்வாளர் மட்டும் அளவுகோலை வைத்துப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் அதிகம் என்று எழுதிக்கொண்டே இருந்தார்.

தேர்வு நாள் வந்தது. நிழற்குடையின் கீழ் மூன்று நாற்காலி. இயக்குநர் அம்மா நடுவில், இடுப்பு சார் வலப்பக்கம், பிடி ஆய்வாளர் இடப்பக்கம். முதலில் தலைமை அலுவலகத்துத் தட்டச்சர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அவர் நின்ற நிலை ஓவியம். குச்சி தோளுக்கு மேலே போய் அழகாக இறங்கி, பந்துக்கு அரையடி மேலே காற்றைச் சீவிக்கொண்டு போனது. பந்து இருந்த இடத்தில் இருந்தது. குழு எழுந்து நின்று பாராட்டியது. பிடி ஆய்வாளர் போய்ப் பந்தைக் கையில் எடுத்து அடுத்த அடிக்கு உரிய இடத்தில் வைத்தார். இப்படியே ஐந்து இடத்திலும் பந்தைக் கொண்டுபோய் வைத்து, கடைசியில் அவரே குனிந்து குழிக்குள் போட்டார். தட்டச்சர் அம்மாவுக்கு மிகச் சிறப்பு என்று தேர்ச்சி. அந்த வாரமே அவர் கேட்ட ஊருக்கு மாற்றல் ஆகிப் போய்விட்டார்.

அடுத்து வால்வுக்காரர். முதல் முறையாக நிஜப் பந்தைப் பார்க்கிறார். சின்னதாக, வெள்ளையாக, முகமெல்லாம் அம்மைத் தழும்போடு இருந்தது. எதிரே நூற்றைம்பது கெஜத்தில் கொடி. மனைவியை நினைத்தார், இடமாற்றத்தை நினைத்தார், தலை அசையக் கூடாது என்று நினைத்தார். அடித்தார்.

பந்து எழும்பியது, கொடிக்கு முன்னால் பச்சைத் தரையில் விழுந்தது, ஒருமுறை துள்ளியது, உருண்டது. குழிக்குள் போய்விட்டது.

புல்வெட்டுகிறவர் ஒருவர் மட்டும் கைதட்டத் தொடங்கி, இயக்குநர் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

குழு ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தது. பிறகு இடுப்பு சார் முடிவைப் படித்தார். டிரைவ்: தேர்ச்சி. அப்ரோச்: ஆஜராகவில்லை. பங்கர்: ஆஜராகவில்லை. சிப்: ஆஜராகவில்லை. பட்: ஆஜராகவில்லை.

"சார், ஆஜராகவில்லையா? இங்கேயேதானே நிக்கிறேன்?"

"நீங்க நிக்கிறீங்க. உங்க அடி ஆஜராகலை."

"இன்னொரு பந்து குடுங்க சார். மத்த நாலையும் தனித்தனியா அடிச்சுக் காட்டிடுறேன்."

"அது எப்படி? ஒவ்வொரு அடியும் அதுக்கு முந்தின அடியோட குறையிலிருந்து பிறக்கணும். கையேடு, பக்கம் பதினேழு. குறையே வைக்காம நீங்க அடிச்சது உங்க குத்தம்."

இயக்குநர் அம்மா இரக்கம் உள்ளவர். வால்வுக்காரரைப் பக்கத்தில் அழைத்து, தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னார்.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. ஆனா நீங்களே யோசிச்சுப் பாருங்க. இந்த நிலையத்துல முப்பத்தேழு பேர் இருக்கோம். அப்ரோச்சுக்கு ஒரு பிரிவு, மணலுக்கு ஒரு பிரிவு, பச்சைத் தரைக்கு ஒரு உதவி இயக்குநர். எல்லாரும் உங்களை மாதிரி ஒரே அடியில உள்ளே போட்டுட்டா நாங்க எல்லாம் என்ன பண்றது? திறமைக்கு ஒரு அளவு வேணும். அடுத்தவங்க பிழைப்பையும் பார்க்கணும். மூணு மாசம் கழிச்சு வாங்க, கொஞ்சம் பொறுப்போட அடிங்க."

மனைவியிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தங்கை வந்து போனை வாங்கிக்கொண்டாள். "மாமா, அக்கா போன வாரம் பாத்ரூம்ல விழுந்துட்டா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. பக்கவாதம் இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்றார். நீங்க எப்பதான் வருவீங்க?"

தோற்றவர்களுக்கு மட்டும் பயிற்சிக்குப் பந்து கொடுக்கலாம் என்று விதியில் இருந்தது. வால்வுக்காரருக்கு ஒரு பந்து கிடைத்தது. விடிகாலையில் புல்லுக்குத் தண்ணீர் திறந்துவிட்டு, அது பாய்ந்து முடிகிறவரை தவறு செய்யப் பழகினார். சரியாக அடிப்பதைவிட அது கஷ்டம். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேரே வைத்து, குச்சியில் பந்து படுகிற முகத்தை ஒரு நூல் வெளிப்பக்கம் திறந்து வைத்தால் பந்து வலது பக்கம் வளைந்து கொடிக்கு எட்டாமல் விழும். அங்கிருந்து அடுத்த அடியில் பந்துக்கு முன்னால் புல்லை லேசாகச் சுரண்டினால் மணல் பள்ளத்துக்குள் போகும். பள்ளத்தில் பந்தைத் தொடவே கூடாது, இரண்டு விரற்கடை பின்னால் மணலை அறைந்தால் மணலே பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போடும். அங்கே எடையை முன்காலில் வைத்து, மணிக்கட்டை அசைக்காமல் தட்டினால் குழிக்கு நாலடியில் நிற்கும். கால் சுற்று, அரைச் சுற்று என்று வால்வு திறக்கிற கணக்கில் அவர் தவறுகளைத் திறந்து மூடக் கற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபடி நிழற்குடை. டிரைவ் வலது பக்கம் வளைந்தது, இடுப்பு சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்ரோச் மணலில் விழுந்தது, பிடி ஆய்வாளர் அளவுகோலைக் கீழே வைத்தார். பந்து மணலிலிருந்து கரைக்கு வந்தது, கரையிலிருந்து நாலடிக்கு வந்தது, நாலடியிலிருந்து குழிக்குள் போனது. இயக்குநர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வாரியத்துல தவறு செய்யாதவங்க யாரு?" என்று அவர் குழுவைப் பார்த்துச் சொன்னார். "நான் செய்யறேன், நீங்க செய்யறீங்க, தலைவர் செய்யறார். ஆனா இவ்வளவு முறையா, வரிசைப்படி, ஒரு தவறு அடுத்த தவறுக்கு இடம் கொடுக்கிற மாதிரி செய்ய நம்மள்ல யாருக்கு வருது? இவர்தான் இந்த நிலையத்தோட முகம்."

சான்றிதழ் கையில் வந்தது. வால்வுக்காரர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பிரிவு எழுத்தரிடம் ஓடினார். எழுத்தர் தலையைக் குனிந்துகொண்டே இன்னொரு தாளை எடுத்து நீட்டினான். வால்வுக்காரர் தவறுகள் செயல்விளக்கப் பயிற்றுநராக நியமிக்கப்பட்டிருந்தார். நிலையத்துக்கு இன்றியமையாதவர் என்பதால் இடமாற்றம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது.

"நல்லா அடிச்சதும் தப்பு, தப்பா அடிச்சதும் தப்பா தம்பி? நான் எப்படித்தான் அடிக்கணும்?"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இயக்குநர் அம்மாகிட்ட நானே பேசிட்டேன். தலைவர் பார்வையிட வர்றாராம். அவர் முன்னாடி ஒரே ஒரு செயல்விளக்கம். அது முடிஞ்ச நிமிஷமே உங்களை விடுவிக்கிறேன்னு எழுதியே குடுத்திருக்காங்க."

தலைவர் வருவதாக இருந்த முதல் தேதியில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவது தேதியில் புல் போதிய பச்சையாக இல்லை என்று தள்ளிப்போட்டார்கள், அந்த வாரம் ஊருக்குத் தண்ணீர் ஆறாவது நாள்தான் போனது. மூன்றாவது தேதியில் என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. நாலாவதாக ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார்கள். ஒவ்வொரு தேதியையும் வால்வுக்காரர் மனைவியிடம் சொன்னார். அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது.

"உங்க தலைவர் வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன் போல."

"ஏன் இப்படியெல்லாம் பேசுற?"

"சும்மா சொன்னேங்க. வெள்ளிக்கிழமை வந்துடுவீங்கதானே? வந்ததும் அந்தத் தவறை எல்லாம் எனக்கும் அடிச்சுக் காட்டணும். பார்த்துட்டுத்தான் மறுவேலை."

வெள்ளிக்கிழமை தலைவர் நிஜமாகவே வந்தார். பின்னால் பதினாறு பேர், அவர்களுக்குப் பின்னால் புகைப்படக்காரர். இடுப்பு சார் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார். வால்வுக்காரர் பையில் துணிமணியை அடுக்கி எழுத்தரின் நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார், போனையும் அவனிடமே கொடுத்திருந்தார். ஒரு மணிப் பேருந்தைப் பிடித்தால் ஏழு மணிக்கு வீடு. டிரைவ் வளைந்தது, கைதட்டினார்கள். அப்ரோச் மணலில் விழுந்தது, இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். மணலிலிருந்து பந்தைக் கரையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது எழுத்தர் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணே, உங்க கொழுந்தியா பேசினாங்க. அண்ணிக்குக் காலையில மறுபடி வந்துடுச்சாம். ஆஸ்பத்திரியில இருக்காங்க. நினைவு வந்து வந்து போகுதாம். உங்களைத்தான் கேக்குறாங்களாம். டாக்டர் உடனே வரச் சொல்றார்ணே."

வால்வுக்காரர் குச்சியைக் கையில் பிடித்தபடியே இயக்குநர் அம்மாவிடம் போனார். சொன்னார். சொல்லும்போதே வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது.

இயக்குநர் அம்மா அவர் தோளைத் தொட்டார். "அடடா. போங்க, உடனே போங்க. யார் உங்களைத் தடுக்கிறது? நிலையத்து வண்டியிலேயே போங்க, நானே சொல்றேன். பந்தை மட்டும் உள்ளே போட்டுட்டுப் போயிடுங்க. தலைவர் முன்னால பந்து வெளியில கிடந்தா செயல்விளக்கம் முடியலைன்னு அர்த்தம். முடியாத செயல்விளக்கத்துக்கு நான் எப்படி விடுவிப்புக் கையெழுத்துப் போடுறது? ரெண்டே ரெண்டு தட்டு, ரெண்டு நிமிஷம். எனக்கும் இதெல்லாம் புரியாம இல்லை. போன மாசம் எங்க நாய்க்கு உடம்பு முடியாம இருந்தப்பகூட கூட்டத்தை முடிச்சுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்."

ரெண்டு தட்டு. வால்வுக்காரர் கரைக்கு ஓடினார். சிப் எப்படியோ வந்துவிட்டது, கையில் பழகின வேலை. பந்து குழிக்கு மூன்றடியில் நின்றது. அவர் பட் அடிக்கிற குச்சியை எடுத்துக்கொண்டு குனிந்தார். கை நடுங்கியது. நிறுத்திப் பார்த்தார், நிற்கவில்லை. தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றது.

ஒலிபெருக்கி கரகரத்தது. "இது, தலைவர் அவர்களே, நடுக்கத் தவறு. கையேடு, பக்கம் நூற்று எண்பத்தெட்டு. மிக அபூர்வமானது. ரெண்டு மணிக்கட்டும் எப்படி உதறுது பாருங்க. இதை வேணும்னு செய்து காட்டுறது ரொம்பக் கஷ்டம்."

கைதட்டல். வால்வுக்காரர் அந்தப் பக்கம் போய்த் தட்டினார். தாண்டிப் போனது.

"தோளும் நடுங்குது, கவனிங்க. முகத்தைப் பாருங்க, முகத்துலகூடக் கொண்டுவந்துட்டார்!"

தலைவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். புகைப்படக்காரர் புல்லில் மண்டிபோட்டார். மூன்றாவது தடவை கண்ணில் தண்ணீர் மறைத்துக் குழி இரண்டாகத் தெரிந்தது. நாலாவது தடவை குச்சி தரையில் இடித்துக்கொண்டது. ஐந்தாவது தடவை அவர் வாய்விட்டு, "போடா, உள்ளே போடா" என்று பந்திடம் கெஞ்சினார். பதினாறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எட்டு, ஒன்பது. மணி பன்னிரண்டே முக்கால்.

பத்தாவது தடவை குனிந்தபோது எழுத்தரின் பக்கம் கண் போனது. அவன் நிழற்குடையின் ஓரத்தில் போனைக் காதில் வைத்து நின்றுகொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்தான். இந்தத் தடவை அவன் ஓடிவரவில்லை. வால்வுக்காரர் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வால்வுக்காரரின் கை நடுங்குவது நின்றுவிட்டது. அவருக்கு இனி எந்த அவசரமும் இல்லை. தலை அசையாமல், தோள் மட்டும் ஆடித் தட்டினார். பந்து நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. இயக்குநர் அம்மா பேனாவைத் திறந்து விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டார். எல்லாருக்கும் மேலே தலைவரின் குரல் கேட்டது.

"பிரமாதம்! அந்தக் கை நடுங்குற இடம் இருக்கே, அது மட்டும் ஒன்ஸ் மோர்!"

இடுப்பு சார் குனிந்து குழிக்குள்ளிருந்து பந்தை எடுத்து, தன் கால்சட்டையில் துடைத்து, மூன்றடி தள்ளி வைத்தார்.